புது வீட்டில் காற்று நுழைய வழி உண்டா?



செங்கம் வட்டாரத்தில் வீடுகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் செங்கத்தை விட்டு ஜவ்வாது மலையடிவாரம் நோக்கிப் போனால் வழிநெடுகக் கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும்தான் கண்ணில் படும். இப்போது தெருவுக்குத் தெரு தளம் போட்ட வீடுகள். சொந்தக் காசில் கட்டியவையும் உண்டு, அரசுத் திட்டங்களில் கட்டியவையும் உண்டு. கூரை வீடுகளை மாற்றுவதற்கென்றே 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2011-12-ல் முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் தொடங்கியது. அதில் 300 சதுர அடி வீடு. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என ஐந்து இடத்துக்கும் சூரிய ஒளியில் எரியும் விளக்கு. 2024-25 முதல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு.

இந்த வீடுகளால் வந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. மழைக்கு ஒழுகுவதில்லை. தீப்பொறி பட்டுத் தெருவே எரிந்துபோகும் பயம் இல்லை. பாம்பு, தேள் கூரையில் ஒளிந்திருப்பதில்லை. சூரிய விளக்கு வந்த வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் கரிப்புகை போயிற்று. அது ஒன்றே கண்ணுக்கும் மார்புக்கும் பெரிய உபகாரம்.

ஆனால் கூரை வீட்டுக்கு ஒரு குணம் இருந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே கைநுழையும் சந்து இருக்கும். கூரையே சல்லடை மாதிரி. அடுப்புப் புகை வீட்டைச் சுற்றி, கண்ணைக் கரித்து, கடைசியில் கூரை வழியாகக் கசிந்து வெளியே போய்விடும். விடியற்காலையில் ஊரைத் தூரத்திலிருந்து பார்த்தால் கூரைகளெல்லாம் ஆவி விடுவதுபோல் இருக்குமே, அது இந்தப் புகைதான். அந்த வீட்டில் சுத்தமான காற்று இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். புகை இருந்தது, போகவும் வழி இருந்தது. தளம் போட்ட வீட்டில் அந்தச் சந்து இல்லை. மேலே கான்கிரீட், பக்கத்தில் சிமெண்டு பூசிய சுவர், கதவு ஜன்னல் இறுக்கமாகப் பொருந்துகிறது. வெளிக் குளிர்காற்றும் தூசியும் உள்ளே வருவது குறைந்தது. உள்ளே உண்டாகிற புகையும் ஈரமும் மனிதர் விடும் மூச்சும் வெளியே போவதும் குறைந்தது. வீடு மாறியபோது நம் பழக்கம் மாறவில்லை. கூரை வீட்டில் செய்ததையெல்லாம் மெத்தை வீட்டிலும் செய்கிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

அடுப்பங்கரை

“வூட்லதான் கேஸ் இருக்குதே, எங்களுக்கு எதுக்குப் புகைப் பேச்சு?” என்று கேட்பீர்கள். 2016 மே முதல் தேதி தொடங்கிய பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தாலும் அதற்கு முன்பு தமிழ்நாட்டில் கொடுத்த இலவச இணைப்புகளாலும் கேஸ் அடுப்பு இல்லாத வீடு குறைவு என்பது உண்மை. ஆனால் டீக்கும் பாலுக்கும் கேஸ், சோற்றுக்கும் வெந்நீருக்கும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும் விறகு என்று நடத்துகிற வீடுகள் எத்தனை? சிலிண்டர் விலையை நினைத்தால் தாய்மார்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வேலிகாத்தான் விறகு காசில்லாமல் கிடைக்கிறது.

ஆகவே விறகடுப்பை இன்றைக்கே விட்டுவிடுங்கள் என்று உபதேசம் செய்வதில் பலன் இல்லை. அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதே கேள்வி.

சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தார் தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் காற்றை அளந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். விறகு, வரட்டி எரிக்கும் வீட்டில் சமைக்கும் பெண் ஒரு நாள் முழுதும் சுவாசிக்கும் காற்றில், சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது. சமைக்காமல் சும்மா இருந்தவர்களுக்கே 90 மைக்ரோகிராம். அதாவது அடுப்பு ஊதுகிற அம்மாவுக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்க வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தாத்தாவுக்கும், கூடத்தில் படிக்கிற பிள்ளைக்கும் பங்கு உண்டு.

இந்த நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது. தலைமயிரின் கனத்தில் பல பங்கு சிறியது. மூக்கு மயிரில் தங்காமல், தொண்டையில் சளியாக வெளிவராமல், நேரே நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்காரும். வருஷக்கணக்கில் இப்படிப் போனால் மூச்சுக்குழாய் சுருங்கி, பீடி சிகரெட் தொடாத பாட்டிக்கும் புகைபிடித்தவர்க்கு வருகிற இளைப்பு வரும். இதய நோய், பக்கவாதம், கண்புரை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா ஆகியவற்றிலும் வீட்டுப் புகைக்குப் பங்கு உண்டு. வீட்டுப் புகையால் 2020-ம் ஆண்டில் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2,37,000-க்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள்.

“காலங்காலமா இதே புகையிலதானே சமைச்சோம், இன்னா ஆயிடுச்சு?” என்று மாமியார் கேட்டால், அவர் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறாரா என்று பாருங்கள்.

விறகடுப்பு வேண்டுமென்றால் வீட்டுக்கு வெளியே, பின்பக்கம், காற்று வீட்டுக்குள் புகையைத் தள்ளாத திசையில் ஒரு சாய்ப்பு இறக்கி அங்கே வையுங்கள். வெளியில் என்றால் ஜன்னலுக்கு நேர் கீழே அல்ல. அப்படி வைத்தால் புகை சுற்றிக்கொண்டு படுக்கையறைக்குத்தான் வரும். உள்ளே வைத்தே தீர வேண்டும் என்றால் புகைபோக்கி வேண்டும். இது புதிய யோசனை இல்லை. எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1950-களிலேயே ஹைதராபாத்தில் புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்துப் பரப்பினார். மத்திய அரசு 1983 முதல் 2002 வரை மேம்பட்ட அடுப்புத் திட்டம் என்று ஒன்றை நாடெங்கும் நடத்தியது. அந்த அடுப்புகளில் பல சில வருஷத்திலேயே பயனற்றுப்போயின. காரணம் எளியது. புகைபோக்கியில் கரி அடைத்தது, சுத்தம் செய்ய யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, விரிசல் விட்டபோது பூசவில்லை. நீங்கள் புகைபோக்கி வைத்தால் அது கூரைத் தளத்துக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை கரியைத் தட்ட வேண்டும். ஈர விறகு கூடாது. ஈர விறகுதான் அதிகம் புகையும்.

கேஸ் அடுப்பைப் பற்றியும் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலும் நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் 24 மைக்ரோகிராமாக இறங்கியது. விறகிலேயே சமைத்தவர்களுக்கு 70. இருந்தாலும் 2022-ல் முடிவு வந்தபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இதை வைத்துக்கொண்டு புகை தீங்கில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடுப்பை மாற்றியது கர்ப்பம் தரித்த பிறகு. தவிர, 24 என்பதே உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த ஆண்டுச் சராசரி அளவான 5-ஐப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. பக்கத்து வீட்டு விறகுப் புகை, குப்பை எரிக்கும் புகை, ரோட்டுப் புழுதி எல்லாம் நம் மூச்சில்தான் சேருகின்றன. கேஸ் வாங்கியாயிற்று என்று ஜன்னலை மறந்துவிடக் கூடாது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

கேஸ் எரியும்போதும் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு கொஞ்சம் உண்டாகிறது. தாளிக்கும் எண்ணெய்ப் புகை வேறு. கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். சமையலறையில் மேலே ஒரு திறப்பும், கீழே கதவடியில் ஒரு சந்தும் இருப்பது இரண்டுக்கும் நல்லது.

பிள்ளை பெற்ற அறை

இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகி மூன்றாம் நாள் தாயும் சேயும் வீட்டுக்கு வருகிறார்கள். வந்ததும் என்ன செய்கிறோம்? உள்ளறையில் படுக்க வைத்து, “காத்து பட்டா சீதளம் புடிச்சுக்கும்” என்று ஜன்னலைச் சாத்துகிறோம். சந்து இருந்தால் அதிலும் துணியைத் திணிக்கிறோம். குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை போடுகிறோம். ராத்திரி கொசுவுக்குச் சுருள் கொளுத்துகிறோம். சில வீடுகளில் தாய்க்குச் சூடு வேண்டுமென்று கட்டிலடியில் தணல் சட்டி வைப்பதும் உண்டு.

கூரை வீட்டில் இதில் பாதிப் புகை கூரையில் போயிற்று. மெத்தை வீட்டில் அத்தனையும் அந்தப் பத்துக்குப் பத்து அறையிலேயே நிற்கிறது. பெரியவர் ஒருவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தை 40 முதல் 60 தடவை விடுகிறது. நாள் முழுதும் அந்த அறையிலேயே கிடக்கிறது. எழுந்து வெளியே போகத் தெரியாது. தலை வலிக்கிறது என்று சொல்லவும் தெரியாது.

குழந்தைக்குச் சூடு வேண்டும் என்று பாட்டிமார் சொல்வது முற்றிலும் சரி. பச்சைக் குழந்தைக்குக் குளிர் ஆகாது. ஆனால் அந்தச் சூட்டைத் தர அறையை அடைக்கத் தேவையில்லை. தாயின் மார்போடு தோல் ஒட்ட அணைத்து, மேலே துணி போர்த்தி வைத்துக்கொண்டால் அதைவிடச் சீரான சூடு வேறில்லை. தலைக்குக் குல்லாய், காலுக்கு உறை. குளிப்பாட்டியதும் பருத்தித் துணியால் தலையை நன்றாகத் துவட்டிவிடுங்கள். சாம்பிராணி செய்வதாக நினைக்கிற வேலையைத் துண்டே செய்துவிடும். மணத்துக்குச் சாம்பிராணி வேண்டுமென்று பாட்டி பிடிவாதமாக இருந்தால் வாசலில் போடட்டும். குழந்தை இருக்கும் அறைக்குள் வேண்டாம்.

ஜன்னலைத் திறக்கும்போது காற்று நேரே குழந்தை மேல் அடிக்காதபடி கட்டிலைத் தள்ளிப் போடுங்கள். குளிர் அதிகமான நாளில் மேலே உள்ள வெண்டிலேட்டர் மட்டும் திறந்திருந்தாலும் போதும்.

குழந்தைக்குச் சளி வந்தால் மூச்சை எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். விலாவுக்குக் கீழே மார்பு உள்ளே குழிந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ நாள் பார்க்காமல், நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது இந்த எண்ணும் முறையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

குளிருக்குத் தணல்

மார்கழி, தை மாதங்களில் ஜமுனாமரத்தூர் பக்கம் மலைமேல் எப்படிக் குளிரும் என்பது மலைவாழ் மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலில் கட்டை போட்டுக் குளிர் காய்வதில் குற்றமில்லை. சமையல் முடிந்த தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு போய், படுக்கும் அறையில் வைத்துக் கதவைத் தாழிட்டுத் தூங்குவதுதான் உயிருக்கு ஆபத்து.

“புகையே இல்ல, வெறும் நெருப்புத்தானே?” என்பார்கள். அந்தப் புகையில்லாத நெருப்புத்தான் ஏமாற்றுகிறது. கரி எரியும்போது போதிய பிராணவாயு கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு இது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் சீட்டைப் பிடித்துக்கொண்டு இறங்காதவன்போல. மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம், மூளைக்கும் இதயத்துக்கும் பிராணவாயு போய்ச் சேராது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். வயிற்றுப்பிள்ளைக்கு இன்னும் கெடுதல். தாயின் ரத்தத்திலிருந்து இந்த வாயு நீங்கிய பின்னும் சிசுவின் ரத்தத்தில் நெடுநேரம் தங்கும்.

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போனவர்கள் டாமன் என்ற குளிர்ப் பிரதேசத்து விடுதியில் தங்கினார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர். குளிர் தாங்காமல் கேஸ் ஹீட்டரை ஏற்றிவைத்து, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு படுத்தார்கள். எட்டுப் பேரும் எழுந்திருக்கவில்லை. அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். படித்தவர்கள், வசதியுள்ளவர்கள். இந்த வாயுவுக்கு அதெல்லாம் தெரியாது.

ஆகையால் தணல் சட்டி, கரியடுப்பு, ஹீட்டர் எதுவானாலும் தூங்குமுன் வெளியே எடுத்துவிடுங்கள். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருக்கும் செங்கம் டவுன்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதைக் குளியலறைக்கு வெளியே மாட்டச் சொல்லுங்கள். கூடத்தில் நிறுத்திய மோட்டார் சைக்கிளை அங்கேயே ஸ்டார்ட் செய்து சூடேற்றும் வழக்கமும் கூடாது. தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்து, வெளியே போனதும் தெளிந்தால் சாப்பாட்டைச் சந்தேகிக்குமுன் இந்த வாயுவைச் சந்தேகியுங்கள். உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு ஜன்னலைத் திறங்கள். ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மோர் கொடுப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எதுவும் இந்த விஷத்தை முறிக்காது. வேண்டியது ஆஸ்பத்திரிப் பிராணவாயு. கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் மீட்டரைப் பல வீடுகளில் வாங்கி வைத்திருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் அதை நம்பாதீர்கள். ரத்தத்தில் நச்சுவாயு ஒட்டியிருந்தாலும் அது பிராணவாயு என்றே எண்ணி 98, 99 என்று காட்டும்.

ராத்திரி மூச்சு

அடுத்தது கொசு. ஜன்னலை ஏன் சாத்துகிறீர்கள் என்று கேட்டால் பத்து வீட்டில் ஒன்பது வீட்டார் கொசுவைத்தான் சொல்வார்கள். ஜன்னலைச் சாத்தி, உள்ளே சுருளையும் கொளுத்திவிட்டால் கொசுவோடு நாமும் அந்தப் புகையில்தான் கிடக்கிறோம். மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்து 2003-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்த அளவு நுண்துகள் வரும். நம் ஊர்ச் சுருள் வேறு கம்பெனியாக இருக்கலாம், எரிவது அதேபோல மரத்தூளும் பசையும்தான்.

ஜன்னலுக்குச் சட்டம் அடித்துக் கொசுவலை போடுங்கள். ஒருமுறை செலவு. பல மாதச் சுருள் காசில் அது தீர்ந்துவிடும். வலையில் தூசி அடைத்தால் காற்று வராது, ஆகவே அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். படுக்கைக்குக் கொசுவலை கட்டுவது இன்னும் உத்தமம், பிள்ளைக்கு நிச்சயம் வேண்டும்.

கொசு போனாலும் அடைத்த அறையில் இன்னொன்று மிஞ்சுகிறது. நான்கு பேர் கதவடைத்துத் தூங்கினால் ஒவ்வொருவரும் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் கரியமில வாயு விடுகிறார்கள். விடியும்போது அறைக்குள் வெளியிலிருந்து வருபவர் மூக்கைச் சுளிப்பது கூடவே சேர்ந்த உடல் வாடையால்தான். அந்தக் கரியமில வாயு நம்மைக் கொல்லாது. ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். அந்த மூச்சில் காசநோய்க் கிருமி இருந்தால்? பெரு நாட்டின் லிமா நகரத்து ஆஸ்பத்திரிகளில் அளந்து 2007-ல் ஒன்றைக் கண்டார்கள். உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய வார்டுகளில், ஜன்னலைத் திறந்துவைத்தபோது, மெஷின் வைத்துக் காற்று செலுத்திய புது அறைகளைவிடப் பல மடங்கு காற்று மாறியது. பழங்காலத்து டாக்டர்கள் ஜன்னலை விரியத் திறந்து வைக்கச் சொன்னதில் அர்த்தம் இருந்தது. நர்ஸுகளுக்கெல்லாம் முன்னோடியான புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய செவிலியர் நூலின் முதல் அத்தியாயமே காற்றோட்டமும் கதகதப்பும் பற்றியதுதான். வீட்டில் இருமல் உள்ளவர் இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சளிப் பரிசோதனை இலவசம். அதுவரை அவர் படுக்கும் அறையின் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

வெயிலுக்கு அடைத்த வீடு

சித்திரை வெயிலில் தளம் காய்ந்து ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே அனல் அடிக்கிறது. ஏ.சி. வைத்திருப்பவர்கள் கரண்டு பில்லுக்குப் பயந்து ஒரு சந்து விடாமல் அடைக்கிறார்கள். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

மேல்நாட்டாரும் இதில் மாட்டிக்கொண்டவர்கள்தான். 1973-ல் பெட்ரோல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, கணப்புச் செலவைக் குறைக்கக் கட்டடங்களை இறுக்கமாக அடைத்தார்கள். சில வருஷங்களில் ஆபீஸ்களில் வேலை செய்தவர்களுக்குத் தலைவலி, கண்ணெரிச்சல், தொண்டைக் கரகரப்பு, சோர்வு. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும், மறுநாள் ஆபீஸ் வந்தால் மறுபடி வரும். நோய் மனிதருக்கா கட்டடத்துக்கா என்று கேட்கும் நிலை வந்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் 1983-ம் ஆண்டு அறிக்கையில் அதற்கு நோயுற்ற கட்டடம் என்றே பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அங்கே மின்சாரம் சேமிக்கும் வீடு கட்டினால் காற்றுக்குத் தனி வழி வைத்துத்தான் கட்டுகிறார்கள்.

நமக்கு அந்த மெஷினெல்லாம் வேண்டாம். தளத்துக்கு மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும். பகலில் வெயில் படுகிற ஜன்னலைச் சாத்துங்கள், சாயங்காலம் வெளிக்காற்று குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். சுவர் ராத்திரியில் ஆறிவிடும். செலவும் மிச்சம், காற்றும் மாறும். ஏ.சி. போடுகிறவர்கள் 24 டிகிரியில் வைத்து, படுக்குமுன்னும் எழுந்ததும் கால்மணி நேரம் அறையைத் திறந்துவிடுங்கள். ஏ.சி. அறைக்குள் சுருளும் ஊதுவத்தியும் அறவே கூடாது.

மழைக்காலத்தில் துணியை உள்ளே காயப்போட்டால் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். இளைப்பு உள்ளவருக்கு அது ஆகாது. பெயிண்டு அடித்த புது வீட்டில், கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு கர்ப்பிணியைக் குடியேற்றாமல் வாசனை போகும்வரை திறந்து போட்டு வையுங்கள்.

கொத்தனாரிடம் சொல்ல வேண்டியது

வீடு இனிமேல்தான் கட்டப்போகிறீர்களா? நல்லது. முடிந்த வீட்டில் சுவரை உடைப்பதைவிட வாயால் சொல்வது சுலபம்.

ஓர் அறைக்கு ஒரு ஜன்னல் மட்டும் இருந்தால் காற்று நுழையாது. நுழைகிற காற்றுக்குப் போகவும் வழி வேண்டும். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு திறப்பு வையுங்கள். இடமில்லையென்றால் ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் மேலே வெண்டிலேட்டர். சூடான காற்றும் புகையும் மேலேதான் ஏறும் என்பதால் சமையலறையில் தளத்தை ஒட்டி ஒரு திறப்பு அவசியம். தேசியக் கட்டட விதித்தொகுப்பில் வறண்ட வெப்பப் பகுதிக்கு அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்றும், ஈரமான வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு என்றும் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை என்றால் 10 முதல் 17 சதுர அடி. நாலடிக்கு மூணடி ஜன்னல் ஒன்று 12 சதுர அடி ஆகிறது. இப்படி நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெண்டிலேட்டருக்குக் கண்ணாடி வைத்து நிரந்தரமாக மூடுவதைவிட சிமெண்டு ஜாலி வைப்பது மேல். யாரும் சாத்த முடியாது. ஜாலிக்கு உட்புறம் கொசுவலை ஒட்டிவிட்டால் கொசுவும் வராது, அணிலும் வராது. ஏற்கெனவே கட்டிய வீட்டில் வெண்டிலேட்டர் இருந்தும் சாக்கு, தெர்மாகோல், பழைய பிளெக்ஸ் பேனர் வைத்து அடைத்திருந்தால் நாளைக் காலை ஏணி வைத்து ஏறி அதை எடுத்துவிடுங்கள். மழைச் சாரல் அடிக்கிறது என்றால் வெளிப்புறம் சிறு சன்ஷேடு போதும்.

கட்டும்போது இதைச் சொல்ல ஒரு வேளை உண்டு. லிண்டல் கான்கிரீட் போடுமுன் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு கொத்தனார் “மேல கம்பி போட்டாச்சுங்க, இனிமே முடியாது” என்பார்.